ஐயா, ஜெபத்தை மட்டும் நிறுத்திக்குங்க

ஜெபத்துக்கு வல்லமை உண்டா இல்லையா என்று நாம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இன்றைக்கும் சண்டை போடலாம். 1840களின் கடைசியில், இன்றைய போட்ஸ்வானாவில் இருக்கும் கொலொபெங் என்ற ஊரில் அந்தச் சண்டைக்கே வேலை இல்லை. ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரும் ஜெபத்தின் வல்லமையை நம்பினார்கள். வெள்ளைக்கார மிஷனெரி முழங்கால் போட்டு வாயைத் திறந்தால் வானத்தில் என்னவோ நடக்கிறது என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. என்ன நடக்கிறது என்பதில்தான் தகராறு. மிஷனெரி கணக்குப்படி ஜெபம் மேலே போகும், ஆசீர்வாதம் கீழே வரும். ஊர்க்காரர்கள் கணக்குப்படி ஜெபம் மேலே போகும், மேகம் பக்கத்து ஊருக்குப் போய்விடும்.

அந்த மிஷனெரி டேவிட் லிவிங்ஸ்டன். ஆமாம், அவரேதான். விக்டோரியா அருவிக்கு விக்டோரியா என்று பெயர் வைத்தவர், காணாமல் போய் ஸ்டான்லியிடம் அகப்பட்டவர். அந்தப் புகழெல்லாம் பிற்பாடு வந்தது. இது அவர் வாங்கிய சம்பளத்துக்குரிய வேலையை, அதாவது சுவிசேஷ ஊழியத்தை, பார்த்துக்கொண்டிருந்த காலத்துக் கதை. அந்த வேலை சரியாகப் போயிருந்தால் அவர் ஊர் சுற்றக் கிளம்பியிருக்கவே மாட்டார் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

கதையை மாமனாரிலிருந்து ஆரம்பிப்பதுதான் மரியாதை. மாமனார் பெயர் ராபர்ட் மொஃபட். ஸ்காட்லாந்தில் தோட்டக்காரராக இருந்தவர். 1817-ல் தென்னாப்பிரிக்காவில் வந்து இறங்கி, பிறகு மனைவி மேரியோடு குருமான் பக்கம் பட்லாப்பிங் மக்களிடையே குடியேறினார். வருஷக்கணக்காக உழைத்தார். மனம் திரும்பியவர்கள் எண்ணிக்கை பூஜ்யம். மழையும் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில்தான் பெய்துகொண்டிருந்தது.

மழை என்பது அந்தப் பக்கத்தில் வெறும் தண்ணீர் இல்லை. சுவானா மொழியில் மழைக்கு 'பூலா' என்று பெயர். தலைவன் பேசி முடித்ததும் கூட்டம் கைதட்டாது, 'பூலா!' என்றுதான் கத்தும். இன்றைக்குப் போட்ஸ்வானாவில் பணத்துக்கே பூலா என்றுதான் பெயர். அப்படிப்பட்ட நாட்டில் மழை பொய்த்தால் தலைவன் சும்மா இருக்க முடியுமா? மொதிபி என்ற தலைவரின் ஆட்கள் தூரத்திலிருந்த பஹுருட்சே மக்களிடமிருந்து பேர்போன ஒரு மழைக்காரரை வரவழைத்தார்கள்.

மனிதர் ஊருக்குள் நுழைந்த அன்றைக்கே மேகம் கூடி, இடி இடித்து, நாலு துளியும் விழுந்தது. அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியுமா! பள்ளத்தில் விதைக்காதீர்கள், வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும், மேட்டில் விதையுங்கள் என்று பெண்களுக்கு உத்தரவே போட்டார். அதோடு சரி. அந்த நாலு துளிதான் வந்த மழை.

பிறகு நடந்ததை மொஃபட் எழுதிவைத்திருக்கிறார். சிரிக்காமல் படிப்பது கஷ்டம். கோபத்தோடு கேட்ட ஜனங்களுக்கு மழைக்காரர் சொன்ன முதல் சமாதானம்: நீங்கள் ஆடு வெட்டிப் போடுகிறீர்கள், நானும் ஆட்டு மழைதான் பெய்விக்க முடியும், கொழுத்த மாடாகக் கொடுத்துப் பாருங்கள், மாட்டு மழை வரும். இன்னொரு நாள் நிஜமாகவே ஒரு நல்ல தூறல் போட்டது. ஆளைப் பாராட்டலாம் என்று ஒருவர் ஓடிப்போய்ப் பார்த்தால், மழைக்காரர் அசந்து தூங்குகிறார். நீங்கள் மழை பெய்விக்கிறீர்கள் என்றல்லவா நினைத்தேன் என்று வந்தவர் கேட்டதும், எழுந்து உட்கார்ந்த மனிதர் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. பக்கத்தில் வெண்ணெய்க்காகப் பால் பையைக் குலுக்கிக்கொண்டிருந்த மனைவியைக் காட்டி, அதோ பார், அவள் மழையைத்தானே கடைந்துகொண்டிருக்கிறாள் என்றாராம். கல்யாணத்தின் முழுப் பயனையும் அனுபவித்தவர் என்று அவரைச் சொல்லவேண்டும்.

சாக்கு தீரத் தீர மருந்துப் பட்டியல் நீண்டது. உடம்பில் ஒரு மயிர்கூடக் குறையாத பபூன் குரங்கு ஒன்று வேண்டும் என்றார். பபூனை அப்படிப் பிடிக்க முடியாது என்பது பபூனைப் பார்த்த எவனுக்கும் தெரியும். மலையெல்லாம் ஓடி, உருண்டு, கடிபட்டு ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஓடிப் பிடித்த கலவரத்தில் அதன் காதில் ஒரு கீறல், வாலில் கொஞ்சம் மயிர் போயிருந்தது. மனிதர் நெஞ்சு உடைந்தே போனார். ஒரு மயிர் குறைந்தாலும் ஆகாது என்று முதலிலேயே சொன்னேனே! அடுத்தது சிங்கத்தின் இதயம் கேட்டார். இவர்கள் அதையும் கொண்டுவந்தார்கள். சிங்கம் செத்ததுதான் மிச்சம்.

கடைசியில் எல்லா நிபுணர்களும் செய்வதை அவரும் செய்தார்: பழியைத் தூக்கி வேறொரு துறைமேல் போட்டார். மிஷனெரிகளின் ஜெப மணி ஓசை மேகத்தை விரட்டுகிறது, அவர்களுடைய வெளுத்த முகத்தைப் பார்த்தும் மேகம் பயப்படுகிறது என்றார். மொஃபட் தன் வண்டியில் கொண்டுவந்த ஒரு மூட்டை உப்புதான் மழையைத் தடுக்கிறது என்றுகூட வழக்கு வந்தது. மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே உப்பு இல்லை, சுண்ணாம்புக் கட்டி. கட்சிக்காரர்கள் மூட்டையைக் கட்டிவிட்டு மௌனமாகக் கலைந்தார்கள்.

ஜனங்கள் பொறுமை இழந்து மழைக்காரரைக் கொன்றுவிடுவது என்று முடிவு செய்தபோது, போய் மன்றாடி அவர் உயிரைக் காப்பாற்றியவர் அதே மொஃபட்தான். போட்டிக் கடைக்காரன் உயிரைக் காப்பாற்றுகிற வியாபாரியை நாம் அடிக்கடி பார்ப்பதில்லை. அதற்குக் கிடைத்த நன்றி என்னவென்றால், பிறகு ஒருநாள் பத்துப் பன்னிரண்டு பேர் ஈட்டியோடு வாசலில் வந்து நின்று, நாட்டைவிட்டுப் போகச் சொன்னார்கள். மொஃபட் சட்டையை விலக்கி நெஞ்சைக் காட்டினார், வேண்டுமானால் குத்துங்கள் என்று. கைக்குழந்தையோடு மேரி கதவருகே நின்றார். வந்தவர்கள் இவர்களைப் பார்த்து, இவர்களுக்குப் பத்து உயிர் இருக்கும்போல என்று பேசிக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

மேரியைப் பற்றி இன்னொன்று சொல்லியாகவேண்டும். ஒருத்தர்கூட மனம் திரும்பாத அந்த வறண்ட காலத்தில், ஷெஃபீல்டிலிருந்து ஒரு தோழி, உனக்கு என்ன அனுப்பட்டும் என்று கடிதம் எழுதினார். வேறு யாராவதாக இருந்தால் நல்ல டீத்தூள், இரண்டு கவுன் துணி என்று கேட்டிருப்பார்கள். மேரி திருவிருந்துக்கான பாத்திரங்களை அனுப்பச் சொன்னார். விருந்துக்கு ஆளே இல்லை, பாத்திரத்துக்கு ஆர்டர்! 1829-ல் முதல்முதலாகச் சிலர் ஞானஸ்நானம் பெற்றார்கள். முதல் திருவிருந்துக்கு ஊர் தயாரான அந்தச் சமயம் பார்த்து பெட்டி வந்து இறங்கியது. மிஷனெரிக் கூட்டங்களில் இன்றும் கண்ணீரோடு சொல்லப்படுகிற சாட்சி இது. எனக்கும் மறுப்பில்லை. ஆனால் கப்பலும் மாட்டு வண்டியும் மாதக்கணக்கில் தாமதம் செய்ததால்தானே பெட்டி சரியான நாளில் வந்தது? தபால் தாமதத்துக்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லியிருக்கலாம்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் 1841-ல் வந்து சேர்ந்தார் லிவிங்ஸ்டன். பத்து வயதில் பஞ்சாலைக்கு வேலைக்குப் போய், படித்து டாக்டரானவர். பிடிவாதத்தில் மொஃபட்டையே மிஞ்சியவர். 1844-ல் மபோட்சா என்ற இடத்தில் ஒரு சிங்கம் அவர் தோளைக் கவ்வி, ஈரத் துணியை உதறுகிற மாதிரி உதறியது. உதவிக்கு வந்த மெபால்வே என்ற சுவானாப் போதகரின் துப்பாக்கி இரண்டு குழலிலும் வெடிக்கவில்லை. சிங்கம் இவரை விட்டுவிட்டு மெபால்வேயின் தொடையைக் கடித்தது, பிறகு இன்னொருவரைக் கடித்தது, அப்புறம்தான் முன்பு பட்ட குண்டுகளின் ஞாபகம் வந்ததுபோல் விழுந்து செத்தது. சிங்கத்தின் வாயில் இருந்தபோது வலியே தெரியவில்லை, இது படைத்தவனின் கருணை ஏற்பாடு என்று லிவிங்ஸ்டன் எழுதினார். சிங்கத்தின் பல்லில் இருந்த விஷத்தைத் தன்னுடைய கட்டம்போட்ட ஸ்காட்லாந்துக் கோட்டு துடைத்து எடுத்துவிட்டது, அதனால்தான் மற்ற இருவரைப்போலத் தன்னைப் புண் பாடாய்ப்படுத்தவில்லை என்றும் எழுதினார். கடவுளுக்குப் பாதி, தையற்காரருக்குப் பாதி. கணக்கில் நேர்மையான மனிதர். உடைந்த கையோடு குருமானில் படுத்திருந்தபோது மொஃபட்டின் மகளைப் பார்த்தார், 1845 ஜனவரியில் கல்யாணம். அவர் பெயரும் மேரிதான்.

இனி கதாநாயகன் வரலாம். செச்சேலே, பக்வேனா மக்களின் தலைவர். பக்வேனா என்றால் முதலைக் குலத்தார். லிவிங்ஸ்டன் தன் ஊருக்குக் குடிவந்த முதல் நாளிலேயே எழுத்துகள் முழுவதையும் கற்றுக்கொண்டவர். அதற்குப் பிறகு அவரைப் புத்தகத்திலிருந்து பிரிக்க முடியவில்லை. மாமனார் மொஃபட் சுவானா மொழியில் பெயர்த்த வேதப் பகுதிகளைப் படித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். வேட்டையில் ஓடி ஓடி ஒல்லியாக இருந்த ஆள், வேதம் படித்தே தொந்தி போட்டுவிட்டார். ஏசாயா தீர்க்கதரிசிமேல் அவருக்குத் தனி மரியாதை. ஒரு பேச்சாளன் இன்னொரு பேச்சாளனை மெச்சுகிற மரியாதை அது.

லிவிங்ஸ்டன் ஜனங்களிடம் பேசிப் பேசித் தொண்டை கட்டுவதைப் பார்த்து செச்சேலேக்குப் பரிதாபமாக இருந்தது. சும்மா பேசினால் இவர்கள் நம்புவார்கள் என்றா நினைக்கிறீர்கள்? நான் அடிக்காமல் இவர்களிடம் ஒரு வேலையும் வாங்கியதில்லை. சொல்லுங்கள், என் ஆட்களைக் கூப்பிட்டு காண்டாமிருகத் தோல் சாட்டையை எடுக்கச் சொல்கிறேன், மொத்தப் பேரையும் ஒரே மூச்சில் விசுவாசிகள் ஆக்கிவிடலாம் என்றார். லிவிங்ஸ்டன் பதறிப்போய் மறுத்தார். ஐரோப்பாவில் எத்தனையோ ராஜாக்கள் இதே முறையில்தான் தங்கள் நாட்டைக் கிறிஸ்தவ நாடாக்கினார்கள் என்பதை அவர் செச்சேலேயிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

முன்பு ஒருமுறை செச்சேலே டாக்டரிடம் மருந்தும் கேட்டிருக்கிறார். என் இருதயம் எப்போதும் பெருமையும் கோபமுமாக இருக்கிறது, அதை மாற்ற ஒரு மருந்து கொடுங்கள். லிவிங்ஸ்டன் புதிய ஏற்பாட்டைக் கையில் எடுத்து, இதுதான் மருந்து என்று தொடங்கினார். அதெல்லாம் வேண்டாம், குடித்தால் உடனே மாறுகிற மாதிரி மருந்தாகக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுத் தலைவர் எழுந்து போய்விட்டார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

சிக்கல் என்னவென்றால், செச்சேலேயே பேர்போன மழைக்காரர். தன் மருந்தின்மேல் அவருக்கு உள்ளூர நம்பிக்கையும் இருந்தது. எல்லாப் பழக்கத்தையும்விட விடுவதற்குக் கஷ்டமாக இருந்தது மழைத் தொழில்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார். இருந்தும் விட்டார். 1847-ல் லிவிங்ஸ்டன் சொல் கேட்டு ஊரையே பெயர்த்துக்கொண்டு கொலொபெங் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். மழையை ஏன் நம்ப வேண்டும், வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சலாம் என்பது டாக்டரின் யோசனை. முதல் வருஷம் வாய்க்கால் நன்றாக வேலை செய்தது. அப்புறம் மழை நின்றது. அப்புறம் ஆறே நின்றது.

சாதாரண வறட்சி இல்லை அது. செத்த மீன்களைத் தின்ன சுற்றுவட்டாரத்துக் கழுதைப்புலிகள் எல்லாம் வந்தும் தின்று தீர்க்க முடியவில்லை. சேற்றில் ஒரு கிழட்டு முதலையும் கரை ஒதுங்கிக் கிடந்தது. முதலைக் குலத்தாரின் ஊரில் முதலைக்கே இந்தக் கதி என்றால் சகுனம் பார்க்க ஜோசியர் வேண்டுமா? வெளியில் மாதக்கணக்கில் கிடந்த ஊசி துருப்பிடிக்கவில்லை. லிவிங்ஸ்டன் மண்ணுக்குள் மூன்று அங்குலம் தெர்மாமீட்டரைப் புதைத்துப் பார்த்தார், நடுப்பகலில் ஏறக்குறைய 56 டிகிரி செல்சியஸ். இந்தச் சூட்டில் கறையான் மட்டும் எப்படி ஈர மண் குழைத்துப் புற்று கட்டுகிறது என்று உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தார். ஊரே பட்டினியில் வேர் தோண்டிக்கொண்டிருந்தது. பெண்கள் நகையை விற்றுத் தானியம் வாங்கினார்கள். பத்து மைல் தள்ளி மழை பெய்வது கண்ணுக்குத் தெரிந்தது. கொலொபெங்கில் மட்டும் ஜெபம் பெய்தது.

ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து வந்தார்கள். சண்டைக்கு வரவில்லை, பிரியமாகத்தான் வந்தார்கள். நீங்கள் எங்களோடு பிறந்தவர் மாதிரி, எங்களோடு ஒட்டிப் பழகுகிற ஒரே வெள்ளைக்காரர் நீங்கள்தான். இந்த ஓயாத பிரசங்கத்தையும் ஜெபத்தையும் மட்டும் விட்டுவிடுங்கள், அதோடு மட்டும் எங்களால் ஒட்ட முடியவில்லை. பாருங்கள், ஜெபமே பண்ணாத கூட்டத்துக்கெல்லாம் கொட்டுகிறது, நமக்குத்தான் இல்லை. வந்தவர்கள் பேசியதன் சாரம் இது. பேரமும் தயாராக இருந்தது: செச்சேலே ஒரே ஒரு தடவை, நாலே நாலு தூறல் போடட்டும். போட்டால் ஆண், பெண், குழந்தை எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வந்து நீங்கள் போதும் என்கிற வரைக்கும் பாடுகிறோம், ஜெபிக்கிறோம். சிரிக்க வேண்டாம். கழுதைக்குத் தாலி கட்டி மழை கேட்ட பரம்பரை நாம்.

லிவிங்ஸ்டன் மசியவில்லை. மழை மருந்து வேலை செய்யாது என்று நிரூபிக்க ஒரு மழைக்காரரோடு வாதம் வேறு செய்தார். அந்த வாதத்தைத் தன் 1857-ம் வருஷத்துப் பயணப் புத்தகத்தில் அப்படியே போட்டிருக்கிறார். தான் தோற்ற பட்டிமன்றத்தைத் தானே அச்சடித்து விற்றவர் உலகத்தில் அநேகமாக இவர் ஒருவர்தான். மழை கடவுள் கையில்தான் இருக்கிறது என்று இவர் சொன்னால், நானும் அதைத்தானே சொல்கிறேன், மருந்து வைத்து அவரிடம்தான் கேட்கிறேன் என்கிறார் அவர். மேகம் வந்தபிறகு மருந்து வைத்துவிட்டுப் பெருமையை நீ எடுத்துக்கொள்கிறாய் என்று இவர் மடக்குகிறார். நீங்களும் நோயாளிக்கு மருந்து கொடுக்கிறீர்கள், பிழைத்தால் உங்கள் மருந்து, செத்தால் கடவுள் சித்தம், செத்தவனைப் பார்த்து நீங்கள் மருந்துப் பெட்டியை எறிந்துவிட்டீர்களா என்று அவர் திருப்புகிறார். நாம் இருவரும் டாக்டர்கள், டாக்டர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை என்று தொழில் ஒற்றுமையும் பேசுகிறார். கிளாஸ்கோவில் இதற்குப் பதில் சொல்லிக் கொடுக்கவில்லை.

செச்சேலேயின் அடுத்த சோதனை வீட்டுக்குள் இருந்தது. மனைவிமார் ஐந்து பேர். ஞானஸ்நானம் வேண்டுமென்றால் ஒருவர்தான் இருக்கலாம். நாலு பேருக்கும் புதுத் துணி எடுத்துக் கொடுத்து, அவர்கள் வீட்டில் வைத்திருந்த தன் சாமான்களையும் கொடுத்து, உங்கள்மேல் குறை ஒன்றும் இல்லை, கடவுள் சித்தத்தைப் பின்பற்றப் போகிறேன் என்று சொல்லிப் பிறந்தகத்துக்கு அனுப்பினார். இதில் லிவிங்ஸ்டனுக்கே நெஞ்சு உறுத்தியது, ஏனென்றால் அவர் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்த மாணவிகளே இந்த மனைவிமார்தான். மிஞ்சிய மூத்தவருக்கு வேதமும் பிடிக்கவில்லை, கவுனும் பிடிக்கவில்லை. கோயிலுக்குக் கவுன் இல்லாமல் வந்து உட்காருவார், போய்ப் போட்டுக்கொண்டு வா என்று செச்சேலே ஆராதனை நடுவே விரட்டுவார், அம்மாள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எழுந்து போவார். நாலு குடும்பத்துச் சம்பந்திகளும் சபைக்கு ஜென்ம விரோதிகள் ஆனார்கள்.

1848 அக்டோபர் 1-ம் தேதி ஞானஸ்நானம். வேடிக்கை பார்க்க ஊரே கூடி அழுதது, தலைவருக்கு மருந்து வைத்துவிட்டார்களே என்று. செத்தவன் மூளையைக் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள் என்று ஒரு பேச்சு பரவியிருந்தது. கடைசியில் வெறும் தண்ணீரைத் தெளித்ததைப் பார்த்து எல்லோருக்கும் ஆச்சரியம். அந்தப் பஞ்சத்தில் தண்ணீரைத் தலையில் ஊற்றுவது மூளைக் கரைசலைவிடப் பெரிய அக்கிரமமாகப் பட்டிருந்தாலும் குற்றம் சொல்ல முடியாது. தலைவன் வேட்டைக்குப் போனால் ஊரே வேட்டைக்குப் போகும், தலைவன் கள் குடித்தால் ஊரே குடிக்கும், நான் ஜெபத்துக்கு உட்கார்ந்தால் மட்டும் ஒருத்தனும் வரமாட்டேன் என்கிறானே என்று செச்சேலே புலம்பினார்.

சில மாதம் கழித்து, திருப்பி அனுப்பிய மனைவிமாரில் ஒருவர் கர்ப்பம் என்ற செய்தி வந்தது. செச்சேலே மறைக்கவில்லை, ஒப்புக்கொண்டார். லிவிங்ஸ்டன் அவரைத் திருவிருந்திலிருந்து விலக்கிவைத்துவிட்டு, 1849-ல் நண்பர்களோடு கலகாரி பாலைவனம் தாண்டி ங்காமி ஏரியைப் பார்க்கக் கிளம்பினார். கையில் இருந்த ஒரே ஒரு பெரிய ஆத்துமாவையும் விட்டுவிட்டு ஏரி பார்க்கப் போகிறாரே என்று தோன்றும். ஏரியில் தண்ணீராவது இருந்தது.

1852-ல் டச்சு வம்சாவளிக் குடியேறிகளான போயர்கள் வந்து செச்சேலேயின் ஊரை அடித்து, பெண்களையும் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு போனார்கள். கொலொபெங்கில் லிவிங்ஸ்டனின் வீட்டில் புத்தகங்களைக் கிழித்து மருந்துப் புட்டிகளை உடைத்தார்கள். செச்சேலே விக்டோரியா மகாராணியிடமே நேரில் முறையிடுவது என்று கேப் டவுன்வரை போனார். கைக்காசு தீர்ந்தது. ஆயிரம் மைல் திரும்பி வந்தார். வந்தவர் செய்த காரியம்தான் யாரும் எதிர்பாராதது. ஐயர் போன பிறகு தானே ஐயர் ஆனார். பிரசங்கம் அவரே, ஜெபம் அவரே, அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பதும் அவரே. பக்கத்துக் கூட்டங்களிலும் போய் வேதம் சொன்னார். மனைவிமாரும் மழை மருந்தும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து அதே கூரைக்குள் குடியேறினார்கள். முறையான மிஷனெரி வேண்டும் என்று தன்னைக் கொள்ளையடித்த போயர்களிடமே கேட்டு அனுப்பினார். 1857-ல் ஜெர்மன் லுத்தரன்கள் வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களுக்குப் பாடம் நடத்துகிற அளவுக்கு அவருக்கு வேதம் தெரிந்திருந்தது. சாட்டை எடுக்காமலே ஆள் சேர்ந்தது. 1892-ல் சாகும்வரை செச்சேலே இரண்டு தொழிலையும் விடவில்லை.

லிவிங்ஸ்டனுக்குக் கடைசியில் மழை கிடைத்தது. 1873-ன் ஆரம்ப மாதங்களில், இன்றைய சாம்பியாவில் பங்வெயுலு ஏரியின் சதுப்பில், விடாத மழையிலும் இடுப்பளவு வெள்ளத்திலும் அவரை ஆட்கள் தூக்கிச் சுமந்தார்கள். கொலொபெங்கில் நாலு வருஷம் கேட்டதெல்லாம் வட்டியோடு வந்து கொட்டியது, விலாசம்தான் தப்பு. மே 1-ம் தேதி விடியற்காலையில் சிட்டாம்போவின் ஊரில் ஒரு குடிசைக்குள் போய்ப் பார்த்த ஆட்கள், அவர் கட்டிலோரமாக முழங்காலில் நின்று, கையில் முகம் புதைத்து ஜெபிக்கிறார் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். அப்புறம்தான் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்கள்.

அவருடைய ஆட்களான சூசியும் சூமாவும் மற்றவர்களும் உடலைப் 14 நாள் வெயிலில் காயவைத்து, கட்டி, கடற்கரைவரை சுமந்து போனார்கள். லண்டனில் ஆள் அவர்தானா என்று அடையாளம் சொன்னது சிங்கம் கடித்த கை எலும்பு. இதயத்தை மட்டும் அங்கேயே ஒரு பெரிய மரத்தடியில் புதைத்திருந்தார்கள். அந்த மரத்துக்கு அவர்கள் சொன்ன பெயர் ம்வுலா. அந்தப் பக்கத்துப் பாஷைகளில் ம்வுலா என்றால் மழை. கொலொபெங்கில் பூலா என்கிறார்களே, அதே சொல்தான்.